ஒரு குழந்தைக்கு எத்தனை சாமான்?

1

கார்த்திகை பிறந்ததோடு நான் பெங்களூருக்கு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. ஆண்டுதோறும் இந்த மாதத்தில் நம் செய்யாறு வாசகசாலை மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புகிறேன். போன வருஷம் இங்குள்ள குளிரைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்திய வருஷம், ரேஷன் கார்டில் என் தகப்பனார் பெயரை மூன்று விதமாக எழுதிக் கடைசியில் அவரைப் பெண்ணாக்கி விட்ட கதை. இந்த வருஷமும் சிரிக்கும்படியாக எழுத விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் மனம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகிறது.

என் மனைவி சகுந்தலாவுக்கு மார்கழியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் பெண் வசந்தாவுக்குப் பதினோரு வயது. நடுவில் ஒன்று தங்கவில்லை. அதனால் வரப்போகும் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை ஒரு குழந்தைக் கட்டிலைக் கழற்றி, பலகைகளைக் கயிற்றால் கட்டி, ஜட்காவில் போட்டுக்கொண்டு சிவாஜிநகர் ஏலக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான் சார். பையன் பெரிசாயிட்டானா?"

"இன்னும் பிறக்கவில்லை" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வேறு என்னவோ நினைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் நினைத்தது போல் இல்லை என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த நினைப்பை வேறொருவர் முகத்தில் பார்த்தபோது, ஏதோ நடந்தே போய்விட்டதுபோல் இருந்தது. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, சகுந்தலா அடுப்படியில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறக்காத குழந்தையின் கட்டிலை ஒருவன் ஏன் விற்கிறான் என்பதைச் சொல்கிறேன்.

2

நாங்கள் குடியிருப்பது அல்சூரில், கடைத்தெருவுக்குப் பின்னால். நடுவில் கல் பாவிய முற்றம், ஒரு குழாய், சுற்றிலும் ஆறு குடித்தனங்கள். இந்த மாதிரி இடத்தை இங்கே வட்டாரம் என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. எல்லாம் ஒரே அச்சு. அறையின் நடு உத்தரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். எங்கள் வீட்டுக் கொக்கியில் நான் குடையை மாட்டி வைத்திருந்தேன். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

வலப்பக்க வீட்டில் அஞ்சலை. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர், நம் தமிழர். அவர்கள் குடும்பம் பௌத்தர்கள். வீட்டுக்குள் புத்தர் படம் மாட்டி, பௌர்ணமிதோறும் விளக்கேற்றுவார்கள். அவர் கணவர் ரயிலில் தபால் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. எதிர்வீட்டில் கைருன்னிசா பீ. கணவர் தையல்காரர். அவர்கள் வீட்டில் தக்கனி உருதுப் பேச்சு. மற்ற மூன்று வீட்டிலும் கன்னடக்காரர்கள்; அதில் ஒன்று வசந்தாவின் சிநேகிதி லலிதாவின் வீடு. வசந்தா இந்த ஐந்து வீட்டிலும் அந்தந்த பாஷையில் சண்டை போடுவாள். நானோ பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகும் குழாயடியில் தண்ணீர் வருகிறதா என்பதற்கு "நீரு பருதா?" என்று கேட்டுவிட்டு, பதில் புரியாமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன்.

சகுந்தலாவுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், நூல்நிலையத்திலிருந்து குழந்தை வளர்ப்பு பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தது. பனி பெய்யும் தேசத்தில் எழுதியது. குழந்தைக்குத் தென்கிழக்கு வெயில் படும் தனி அறை வேண்டும் என்று தொடங்குகிறது. எங்களுக்கு இருப்பதே ஓர் அறை, அதன் ஒரே ஜன்னல் குழாயடியைப் பார்க்கிறது. ஆனாலும் அந்தப் புத்தகத்தை நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். பயந்தவனுக்கு யாராவது ஒருவர் இதைச் செய், இதை வாங்கு என்று உறுதியாகச் சொன்னால் போதும், எங்கே பனி பெய்தால் என்ன.

ஆவணியில் வாய்ப்பும் வந்தது. எங்கள் தொழிற்சாலை ஃபோர்மன் ஓர் ஆங்கிலோ இந்தியர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார். காக்ஸ் டவுனில் அவர் வீட்டுச் சாமான்கள் விற்பனை என்று கேள்விப்பட்டு, ஷிப்ட் முடிந்து போனேன். அவர் மனைவி டோரிஸ் அம்மாள் பின்கட்டு அறையைத் திறந்து விட்டார்.

"வா மேன், பாரு. எல்லாம் பேபி சாமான். கப்பல்ல இதுக்கெல்லாம் எடமில்லேன்னுட்டான்."

கம்பி அடைத்த கட்டில். கறுப்புக் கூண்டு போட்ட தள்ளுவண்டி. தட்டு பொருத்திய உயர நாற்காலி. தவழும் குழந்தையை உள்ளே விட்டு வைக்க ஒரு மரவேலி. எனாமல் குளிப்புத் தொட்டி. குழந்தையை நிறுக்கும் தராசு. பால்புட்டிகள், அவற்றைக் கொதிக்கவைக்க மூடிபோட்ட ஏனம், ரப்பர் விரிப்புகள். புத்தகத்தில் இருந்ததெல்லாம் அந்த அறையில் இருந்தது.

"எது மேன் வேணும்?"

"எல்லாம்" என்றேன்.

டோரிஸ் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் மிஸஸ்கிட்ட கேட்டியா?"

"அவளுக்குத் தெரியாது."

"அப்போ நீ செத்தே மேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியைத் துடைத்தபடி, "என் மூணு பேபிக்கும் இதைத்தான் வச்சிருந்தேன். ஆனா மூணும் ஆயா இடுப்பிலேயேதான் வளர்ந்தது. வண்டியில நாங்க கிறிஸ்மஸ் கேக் எடுத்துட்டுப் போவோம்" என்றார்.

அதைக் கேட்டும் நான் வாங்கினேன்.

3

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிறக்கும் முன் பிள்ளைக்கு ஒரு துரும்புகூட வாங்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். செய்யாற்றில் என் தங்கைக்குப் பிரசவமானபோது வீட்டில் குழந்தைக்கென்று ஒன்றுமே இல்லை. பிறந்த செய்தி தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீடாகப் பார்த்து ஒரு பழந்துணி கேட்டு வாங்கி வந்து, அதில் சுற்றினார்கள். அம்மாவின் நைந்த புடவையை உத்தரத்தில் கட்டித் தூளியாக்கினார்கள். கைக்கு வசம்பு வளையல். சாமான் அவ்வளவுதான். ஆனால் ஆள்? ஒருத்தி வெந்நீர் விளாவ, ஒருத்தி காலில் போட்டுக் குளிப்பாட்ட, ஒருத்தி சாம்பிராணி காட்ட, தூளியை ஆட்டிக்கொண்டே ஒருத்தி ஊர்வம்பு பேச.

ஊரைப் பொன்னாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அந்தத் தூளிகள் எத்தனையோ அவிழ்க்கப்பட்டும் இருக்கின்றன. அது நம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அங்கே தட்டுப்பாடாக இருந்தது சாமான், இங்கே தட்டுப்பாடாக இருப்பது ஆள். ஆள் இல்லாத இடத்தைச் சாமானால் நிரப்பலாம் என்று நான் நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் உண்டு. மாநிலங்களைப் பிரித்த வருஷம் நாங்கள் அடுகோடியில் தனி வீட்டில் இருந்தோம். சுற்றிலும் பட்டறைகள், இரைச்சல். பக்கத்தில் பேச ஒரு பெண் துணை கிடையாது. ஏழாவது மாதத்திலேயே சகுந்தலாவுக்கு வலி எடுத்தது. நான் தொழிற்சாலையில். மூலைக்கடைக்காரர் சைக்கிளில் வந்து கேட்டில் சொல்லியிருக்கிறார். கேட் ஆபீசில் இருந்தவர்கள், சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை உள்ளே ஆள் விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, நாலரை வயது வசந்தா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு நான் முன்கூட்டியே ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வைத்திருந்தேன். இங்கே குளிர் என்பதால். அது இன்னும் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. சகுந்தலா அதை எடுத்தும் பார்க்கவில்லை, எறியவும் இல்லை.

ஆள் நெருக்கமாக இருக்கிற இடம் வேண்டும் என்றுதான் அதன் பிறகு அல்சூருக்கு மாறினோம்.

4

சாமான்கள் இரண்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கின. அது புதன்கிழமை, சகுந்தலா வியாழன் என்பாள். கூலிக்காரர்கள் கட்டிலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நுழைந்தபோது, அஞ்சலை குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கைருன்னிசா பீ தன் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது, கட்டிலா?" என்று கேட்டார் அஞ்சலை.

"ஆமாம்மா. குழந்தைக்கு."

"குழந்தைக்கு எதுக்குண்ணா கட்டிலு?"

"யாருக்கும் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னுதான்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அஞ்சலை துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினார்.

உள்ளே சகுந்தலா என்னிடம் கோபிக்கவும் இல்லை. பழைய புடவை ஒன்றை எடுத்துக் கட்டிலை முழுக்க மூடினாள்.

"ஏங்க, இதை இப்பவே ஏன் கொண்டாந்தீங்க?" என்றாள். "அந்தத் தொப்பி ஒண்ணு போதாதா?"

ஆனால் சாமான்கள் வந்தது வந்ததுதான். தள்ளுவண்டி அறைக்குள் திரும்பவில்லை. வெளியே வைத்தால் வாசலை அடைத்தது. தை கழிந்தும் உட்காரப் போகாத ஒரு குழந்தைக்காக உயர நாற்காலி அரிசி மூட்டைமேல் ஏறி நின்றது. வசந்தா கட்டிலின் அடியில் படுத்தாள். நான் தலை அறையிலும் கால் சமையல்கட்டிலுமாகப் படுத்தேன். தராசில் ஒருநாள் வெங்காயம் நிறுத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

பிறகு சில மாறுதல்கள். காலையில் குழாயடியில் சகுந்தலாவின் குடத்தை அஞ்சலை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போவார், அது நின்றது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு சகுந்தலாவே குடம் தூக்கினாள், நான் வீட்டில் இருந்தால் நான். கைருன்னிசா பீ வாரம் ஒரு முறை மூடிபோட்ட கிண்ணத்தில் ஏதாவது கறி அனுப்புவார், அதுவும் நின்றது. எனக்கு நாள் கிழமை பார்க்கும் புத்தி. 'புரட்டாசி அல்லவா, நாம் கறி சாப்பிட மாட்டோம் என்று நிறுத்தியிருக்கிறார்' என்று கணக்குப் போட்டுத் திருப்திப்பட்டேன். குடத்துக்குத்தான் புரட்டாசி காரணமாகவில்லை.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. கிண்ணம் வரவில்லை. அஞ்சலை என்னை அண்ணா என்று கூப்பிடுவதை விட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

தீபாவளிக்குச் சகுந்தலா ஐந்து வீட்டுக்கும் தட்டில் பலகாரம் வைத்து வசந்தாவிடம் கொடுத்து அனுப்பினாள். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலிருந்து தட்டுத் திரும்பினாலும் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வெற்றிலை. அஞ்சலை வீட்டுத் தட்டு நன்றாகத் துலக்கித் துடைத்துத் திரும்பி வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. சகுந்தலா அந்தத் தட்டை அடுக்கில் கவிழ்த்து வைத்தாள்.

5

அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் பெயர் பதியப் போனோம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த குமாஸ்தா, பிரசவத்தின்போது கூட இருக்கப்போகும் பெண் யார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வருகிறேன் என்பதைக் கன்னடத்தில் "நானு பர்த்தீனி" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கண்டஸரு பேடா ஸ்வாமி, ஹெங்கஸரு! அக்கா, தங்கி, யாராதரூ இல்வா?" என்றார் அவர். ஆம்பிளை உள்ளே வரக் கூடாதாம். அக்காவோ தங்கையோ யாருமே இல்லையா என்கிறார்.

சகுந்தலாவின் தாயார் காலமாகி ஆறு வருஷம். என் தங்கை செய்யாற்றில் மூன்று பிள்ளைகளோடு. நான் சகுந்தலாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "அப்புறமா சொல்றோம்" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி நடக்கும்போது, "அஞ்சலையைக் கேட்கலாமே?" என்றேன்.

"நீங்களே கேளுங்க" என்றாள்.

விஷயத்தை உடைத்தது வசந்தா. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ், முற்றத்தில் மூன்றும். ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் நடுவில் அவளுக்கு வேலி கிடையாது. என் பேச்சைவிட அஞ்சலை வீட்டுப் பேச்சே அவளுக்கு அதிகம் வருகிறது என்று நான் வருத்தப்பட்டதுண்டு. அன்று சாயங்காலம் கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே காலை விட்டு ஆட்டிக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, இதை ஏன் சும்னே வெச்சிருக்கீங்க? பாப்பா தொட்டில்லே தானே மலகும்?" மலகுவதென்றால் கன்னடத்தில் தூங்குவது.

"எந்தத் தொட்டில்?"

"நம்ம தொட்டில். பீயம்மா வீட்ல இருக்கே, அது."

"அது அவங்க தொட்டில் அம்மா."

"இல்லப்பா! முந்தி லலிதா வீட்ல இருந்துச்சு. அதுக்கு முந்தி அஞ்சலத்தே வீட்ல. யாருக்குப் பாப்பா பொறக்குதோ அவங்க வீட்டுக்குப் போவும்."

நான் வாதாடினேன். லலிதா வீட்டில் நான் பார்த்தது பச்சைத் தொட்டில், கைருன்னிசா பீ வீட்டில் தொங்குவது நீலம். இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வசந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பெயிண்ட்டுப்பா! குடுக்கறவங்க பெயிண்ட் அடிச்சுக் குடுக்கணும். அதான் ரூலு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சலத்தே கோவமா இருக்காங்க. 'வெள்ளக்காரன் புள்ள படுத்த கட்டிலு உங்கப்பாவுக்கு ஆவுது, எங்க புள்ளைங்க படுத்த தொட்டிலு ஆவலையா'ன்னு கேட்டாங்க."

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. சகுந்தலாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"தொட்டிலப் பத்தி உங்களுக்குத் தெரியும்னுதான் மொதல்ல நெனச்சேன். தெரிஞ்சுதான் செஞ்சீங்களோன்னு பயந்து கேக்கல. தெரியாதுன்னு புரிஞ்சப்போ, போய்ச் சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள். "பக்கத்து வூட்ல பதினஞ்சு வருசமா சுத்தற தொட்டிலு உங்க கண்ணுல படலன்னு நான் எப்படிங்க போய்ச் சொல்றது?"

தலையை நிமிர்த்தினேன். உத்தரத்தில் கொக்கி. கொக்கியில் என் குடை.

தீட்டுப் பார்க்கிற குடும்பத்தில்தான் நானும் பிறந்தேன். செய்யாற்றில் அது யாருக்கும் தெரியாததல்ல. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை அப்படி நினைக்க அவருக்கு என்ன அவசியம்? வாயால் சொன்ன கொள்கையையா ஒருவர் பார்ப்பார், வாசல் வழியாக வந்த கட்டிலையா? இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அன்றைக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அடுகோடி வீட்டிலிருந்து மாறி வந்ததே ஆள் வேண்டும் என்று. அந்த ஆட்களை நானே இரண்டு வண்டிச் சாமான் இறக்கி விரட்டியிருக்கிறேன். மார்கழியில் நான் ஷிப்டில் இருக்கும்போது வலி எடுத்தால், பதினோரு வயசுப் பெண் மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்து விசிற வேண்டுமா?

6

மறுநாள் ஞாயிறு. அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை முன்பே மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். அங்கே போனதும் ஒரு வரிகூட வரவில்லை.

"இன்னா சார்?" என்றார். கையில் முறம்.

"எனக்குத் தெரியாதும்மா. அது ஒரே தொட்டில்னு தெரியாது. நிறம் வேற வேறயா இருந்துது."

அஞ்சலை என்னையே பார்த்தார். அப்போது எதிர்வாசலிலிருந்து கைருன்னிசா பீ உரக்கச் சிரித்தார். "அரே பாய்சாப், நான் புடவ மாத்தினா வேற பொம்பளேன்னு நெனப்பீங்களா?"

முற்றத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

"தெரியாதுன்னே வெச்சிக்குவோம் சார். தெரியாட்டி கேக்கலாம் இல்ல? பத்து அடியில வூடு. காக்ஸ் டவுனு வரைக்கும் போனீங்க, இங்க வரல."

"தொந்தரவு..."

"அதான் சார்! அதத்தான் சொல்றேன். தொந்தரவு குடுக்காதவங்களுக்கு நாங்க எப்படி வூட்டுக்குள்ள வர்றது? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உங்க வூட்டுக் கதவ நான் எப்படித் தட்டறது?"

நான் தலைகுனிந்து நின்றேன். "ஆஸ்பத்திரியில கூட இருக்க ஒரு பெண் வேணுமாம்" என்றேன். எங்கே எதைக் கேட்பது என்ற நிதானமே எனக்கு இல்லை. "சகுந்தலாவுக்கு யாரும் இல்லைம்மா."

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தார். "அடுப்புல சோறு இருக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

அன்று முதல் நான் சாமான்களைக் குறைக்கத் தொடங்கினேன். அதுவே பதிலை வரவழைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. மரவேலியை உடைத்து அடுப்புக்கு விறகாக்கினோம். உயர நாற்காலியை எங்கள் தொழிற்சாலை டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுத்தேன். அவர் பையனுக்கு இரண்டு வயசு. அவரிடமே, கேட்டுக்கு என் வீட்டிலிருந்து ஆள் வந்தால் சங்குக்குக் காத்திருக்காமல் எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டியிருக்கிறார். எனாமல் தொட்டியில் சகுந்தலா துணி ஊறவைக்கிறாள். தராசில் இப்போது முழுமூச்சாக வெங்காயம்தான். பால்புட்டி வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

தள்ளுவண்டியைக் கைருன்னிசா பீயின் கணவர் பார்த்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினார். "பெஸ்டா ஓடுது சாப்" என்றார். இப்போது தினமும் தைத்த துணி மூட்டையை அதில் வைத்துச் சிவாஜிநகருக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். தெருவில் எல்லோரும் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக் கொஞ்ச வருகிறார்களாம்; உள்ளே நாலு காக்கிக் கால்சட்டை.

கட்டில் மட்டும் கடைசிவரை நின்றது. அதன் கதையைத்தான் முதலில் சொன்னேன்.

7

கட்டிலை விற்றுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன் என்றேன் அல்லவா? அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. குழந்தை வரப்போகிறது என்பதற்கு இப்போது வீட்டில் எந்த அடையாளமும் இல்லை, சகுந்தலாவைத் தவிர. நாற்காலியைப் போட்டு ஏறிக் கொக்கியிலிருந்து குடையை எடுத்தேன். துருவைத் துணியால் துடைத்தேன். தொங்கிப் பார்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று இறங்கினேன்.

"எதுக்குங்க அது இப்போ?" என்றாள் சகுந்தலா.

"குடைக்கு ஆணி அடிக்கணும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

நேரத்துக்குச் சங்கு ஊதும் ஊரில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். எது எப்போது நடக்கும் என்று தெரியாமல் ஒரு நாளைக் கழிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த இரண்டு வாரமாக ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், தெருமுனையிலிருந்தே வட்டாரத்து வாசலில் கூட்டம் இருக்கிறதா என்றுதான் என் கண் போகிறது. கூட்டம் இருந்தாலும் பயம். இல்லாவிட்டாலும் பயம். அஞ்சலை இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். மலர்க்குழுவினர் பொறுக்க வேண்டும். மேலே எழுதியதற்கு மூன்று நாள் கழித்து இதைச் சேர்க்கிறேன்.

இன்று பிற்பகல் வேலை முடிந்து வந்தேன். வாசலில் கூட்டம் இல்லை. முற்றத்தில் கார்த்திகை வெயில். குழாயடிக்குப் பக்கத்துக் கல்லின்மேல் செங்கல் அணை கொடுத்துத் தொட்டில் இருந்தது. சங்கிலிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தார்கள். நீலத்தைச் சுரண்டி எடுத்த இடங்களில் அடியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு. பீயின் கணவர் மஞ்சள் பெயிண்ட்டின் கடைசிப் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறப்பதற்குமுன் தொட்டில் எங்கள் வாசலைத் தாண்டாது. அந்த மட்டும் எனக்கும் தெரியும்.

எங்கள் வாசற்படியில் நிரப்பிய குடம் ஒன்று இருந்தது.

சகுந்தலாவை உள்ளே காணாமல் திரும்ப முற்றத்துக்கு ஓடிவந்தேன். அவள் அஞ்சலை வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை அவள் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலை நிமிராமலே, "ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட எம் பேர எழுதிக்கச் சொல்லுங்க. சரியா எழுதச் சொல்லுங்க, உங்கப்பாவ பொம்பள ஆக்கின மாதிரி என்ன ஆம்பள ஆக்கிடப் போறான்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முற்றத்தில் வசந்தா பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்தாள். புதுத் தொட்டிலைப் பார்த்த சந்தோஷத்தில் அதன் விளிம்பைப் பிடித்து ஆட்டப் போனாள்.

"ஏ குட்டி, காலித் தொட்டில ஆட்டாத!" என்று அஞ்சலை என் காதருகே கத்தினார்.

"நக்கோ, நக்கோ!" என்று கைருன்னிசா பீ கரண்டியோடு வெளியே வந்தார்.

"தூக்பேடா கணே!" என்று லலிதாவின் அம்மா ஜன்னலிலிருந்து.

சகுந்தலாவும் நானும்கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறோம். நாலு வீட்டுச் சத்தமும் ஒரே நேரத்தில் விழுந்ததில் பயந்துபோய், வசந்தா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை இரண்டும் மஞ்சள்.

"அங்கியே நில்லு, எதையும் தொடாத" என்று சொல்லிக்கொண்டே அஞ்சலை மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "சும்மா நிக்கிறீங்களே அண்ணா, அவ காலத் தேய்ங்க" என்றார்.